கிழவனுங்களுக்கு எதுக்கய்யா கிடாரு?

எழுபது வயசு ஆளு மேடையேறி தொண்டை கிழிய கத்தினா போதும், உடனே ஒரு கூட்டம் கிளம்பிடும். "இந்த வயசுல இது தேவையா? பேரன் பேத்தியைக் கொஞ்சிக்கிட்டு வீட்ல கெடக்க வேண்டியதுதானே? எல்லாம் காசுக்காக!" 'தி சோனிக்ஸ்' மாதிரி குழுக்களைப் பத்திப் பேச்சு வந்தாலே இந்தப் புலம்பல் ஆரம்பிச்சிடும்.

தெரியாதவங்களுக்கு: சோனிக்ஸ், அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலம் டகோமாங்கிற ஊர்ப் பசங்க. 1960ல ஆரம்பிச்ச குழு. கராஜ் ராக்னு சொல்றாங்களே, கார் நிறுத்துற கொட்டகையில அக்கம்பக்கத்துப் பசங்க சேர்ந்து போடுற கூச்சல், அதோட தாத்தாக்கள்ல முக்கியமானவங்க. 1965ல முதல் ஆல்பம். 'தி விட்ச்', 'சைக்கோ', 'ஸ்ட்ரிக்னைன்' எல்லாம் அதுலதான். (ஸ்ட்ரிக்னைன்னா எட்டிக்கொட்டையில இருக்கிற விஷம். அதைக் குடிக்கப் பிடிக்கும்னு ஒரு பாட்டு. காதல் பாட்டு கேட்டுக்கிட்டிருந்த ஊருக்கு எப்படி இருந்திருக்கும்!) வடமேற்குப் பக்கம் சக்கைப்போடு, நாட்டோட மத்த பக்கம் யாரும் சீண்டலை. அறுபதுகள் முடியறதுக்குள்ள ஆளுக்கொரு பக்கம் போயாச்சு. சாக்ஸபோன் வாசிச்ச ராப் லிண்ட், கடற்படை விமானியாகி, அப்புறம் பயணிகள் விமானம் ஓட்டினார்.

2007ல புரூக்ளின்ல திரும்ப மேடையேறினாங்க. பாடகர் ஜெரி ராஸ்லி, கிடார் லாரி பரிப்பா, லிண்ட், மூணு பேரும் பழைய ஆளுங்க. 2008ல சியாட்டில் பாரமவுண்ட் அரங்கம். 2015ல புது ஆல்பம், அதுவும் பழையபடி மோனோவுல.

இப்ப அந்த "காசுக்காக" விஷயத்துக்கு வருவோம். ஆமாம், காசுக்காகவும்தான். அதுல என்ன அசிங்கம்? ஒரு பொருளைத் தயாரிச்சவன் அதை விக்கிறது எந்த ஊர்ல குத்தம்?

கணக்கைப் பாருங்க. அமெரிக்காவுல ஏஎம், எஃப்எம் வானொலியில ஒரு பாட்டு ஓடினா, அதை எழுதினவருக்கும் பதிப்பகத்துக்கும்தான் ராயல்டி. பாடினவருக்கும் வாசிச்சவருக்கும் சட்டப்படி சல்லிக்காசு கிடையாது. இன்னிக்கும் அதான் நிலைமை. 'சைக்கோ' எழுதினது ராஸ்லி, அவருக்காவது ஏதோ வரும். அந்தப் பாட்டுல டிரம்ஸைப் போட்டுப் பொளந்த பாப் பென்னெட்டுக்கு? பட்டை நாமம்! இன்னொண்ணும் உண்டு. 1972 பிப்ரவரிக்கு முன்னாடி பதிவான ஒலிக்கு மத்திய காப்புரிமைச் சட்டத்துல இடமே இல்லாம இருந்துச்சு. இணைய வானொலி ராயல்டியை அந்தப் பழைய பதிவுகளுக்கும் உறுதி பண்ணினது 2018ல வந்த இசை நவீனமயமாக்கல் சட்டம். முதல் ஆல்பம் வந்து 53 வருஷம் கழிச்சு!

சோனிக்ஸ் பேரை இந்தத் தலைமுறைக்குக் கொண்டுபோனதுல லேண்ட் ரோவர் கார் விளம்பரத்துக்குப் பெரிய பங்கு. அதுல வந்த 'ஹேவ் லவ் வில் டிராவல்' பாட்டை எழுதினது ரிச்சர்ட் பெர்ரி. ஆக, எழுதினவர் பங்கு அந்தப் பக்கம் போயிடும். (இதே பெர்ரி 'லூயி லூயி' பாட்டோட உரிமையை 750 டாலருக்கு வித்துட்டு வருஷக்கணக்குல ஏமாந்தவர். அந்தச் சோகம் தனி.) அப்ப வாசிச்சவன் கையில நேரடியா காசு விழற முக்கியமான இடம் மேடைதான். அங்கயும் ஏறாதேன்னு சொன்னா என்ன நியாயம்?

அடுத்த குத்தச்சாட்டு, "குரல் போயிடுச்சு". அட, இவங்க குரல் எப்ப இனிமையா இருந்துச்சு? லாரியோட அண்ணன் ஆண்டி, ஸ்பீக்கர்ல ஐஸ் குத்துற ஊசியால ஓட்டை போட்டு சத்தத்தைக் கெடுத்த ஆளு. மொத்த டிரம்ஸுக்கும் ஒரே ஒரு மைக் வச்சுப் பதிவு பண்ணினாங்க. கரகரப்புதான் சரக்கே! இதுல சுருதி சுத்தத்தைத் தேடுறவங்க, மிளகாய் பஜ்ஜியில சர்க்கரை குறையுதுன்னு சண்டை போடுறவங்க.

கேள்வி கேட்கணும்னா வேற இடத்துல கேட்கலாம். 2016க்கு அப்புறம் ராஸ்லியும் பரிப்பாவும் சுற்றுப்பயணத்துல இருந்து ஒதுங்கிட்டாங்க. பழைய ஆளுன்னு மேடையில லிண்ட் மட்டும், மத்தவங்க புதுசு. புது ஆளுங்க மட்டமில்லை, நல்லா வாசிக்கிறவங்கதான். ஆனா 'சைக்கோ'வுல அந்த அலறலே ராஸ்லி தொண்டை. அவர் இல்லாம அதே பேரு, அதே டிக்கெட்டு... இது வயசுப் பிரச்சினை இல்லை, பேர்ப் பிரச்சினை. வணிகவியல்ல 'குட்வில்'னு படிக்கிறோமே, கண்ணுக்குத் தெரியாத சொத்து, அதை எத்தனை கூட்டாளி போனதுக்கப்புறமும் மிச்சமிருக்கிறவர் செலவழிக்கலாம்? லிண்டுக்கு அந்த உரிமை உண்டுதான், தொடக்க கால உழைப்புல அவருக்கும் பங்கு இருக்கே. ஆனா சுவரொட்டியில இன்னிக்கு மேடையில யார் யாருன்னு பேர் போட்டு அச்சடிச்சிட்டா, காசு குடுக்கிறவன் தெரிஞ்சே குடுப்பான்.