பிறக்காதவர்களின் பழைய போட்டோ: ஏஐ ‘சைடுஷோ’ படங்களில் என்ன சிக்கல்?

பழுப்பேறிய அட்டை, ஓரத்தில் லேசான கிழிசல். வெல்வெட் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார் தாடி வைத்த ஒரு பெண். அடுத்த படத்தில் உடம்பெல்லாம் பச்சை குத்திய ஆள். அதற்கடுத்து, கழுத்தில் மலைப்பாம்பைப் போட்டுக்கொண்டு முறைக்கும் சிறுமி. இன்ஸ்டாகிராமிலோ பின்ட்ரஸ்ட்டிலோ இந்த மாதிரிப் படங்களைக் கடந்து வந்திருப்பீர்கள். ‘நூறு வருஷத்துக்கு முந்தைய அபூர்வ போட்டோ’ என்று நினைத்து லைக்கும் போட்டிருக்கலாம். அந்தப் பெண்ணின் விரல்களைக் கொஞ்சம் பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள். ஆறு இருந்தால் ஆச்சரியம் இல்லை. (புது ஏஐ மாடல்களில் விரல் கணக்கும் சரியாகவே வந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.) படத்தில் இருப்பவர் பிறக்கவே இல்லை.

கற்பனைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்ல, இந்தப் படங்கள் எதைக் காப்பியடிக்கின்றன என்று தெரிய வேண்டும்.

அது என்ன சைடுஷோ?

19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் சர்க்கஸின் பெரிய கூடாரத்துக்குப் போகிற வழியிலேயே சின்னக் கூடாரம் ஒன்று இருக்கும். அதற்குத் தனி டிக்கெட். பொருட்காட்சிக்குள் போன பிறகு மரணக் கிணறுக்குத் தனியாகக் காசு வாங்குகிறார்களே, அதே கணக்கு. உள்ளே கத்தி விழுங்குபவர், பாம்பாட்டி போன்ற வித்தைக்காரர்கள் இருப்பார்கள். கை இல்லாமல் பிறந்தவர், மிகக் குள்ளமானவர், ஒட்டிப் பிறந்த இரட்டையர் என்று உடல் அமைப்புக்காகவே மேடையேற்றப்பட்டவர்களும் இருப்பார்கள்.

உடலைக் காட்சிக்கு வைப்பதைப் பெரிய பிசினஸாக மாற்றியவர்களில் முக்கியமானவர் பி.டி.பார்னம். அவருடைய தொடக்கமே கொடூரமானது. 1835-ல் ஜாய்ஸ் ஹெத் என்ற கறுப்பின அடிமைப் பெண்ணை, ‘ஜார்ஜ் வாஷிங்டனை வளர்த்த தாதி, வயது 161’ என்று விளம்பரம் செய்து ஊர் ஊராகக் காட்டினார். பார்வை போய், உடல் முடங்கிய மூதாட்டி அவர். மறு ஆண்டு இறந்தார். அப்போதும் விடவில்லை. நியூயார்க்கில் கூட்டத்தின் முன்னால் பிரேதப் பரிசோதனை நடந்தது. பார்க்கக் கட்டணம் 50 சென்ட். வயது எண்பதுக்கு மேல் இருக்காது என்றார் அறுத்துப் பார்த்த மருத்துவர்.

பிறகு போட்டோ வந்தது. 1860-களின் பிற்பகுதியில் ‘கேபினட் கார்டு’ பிரபலமாகத் தொடங்கியது. சுமார் ஆறரை அங்குல உயரம், நாலேகால் அங்குல அகலம் உள்ள அட்டையில் ஒட்டிய படம் அது. நியூயார்க்கின் பவரி பகுதியில் இருந்த சார்லஸ் ஐசன்மனின் ஸ்டூடியோ சைடுஷோ கலைஞர்களைப் படம் எடுப்பதில் பேர்போனது. அந்த அட்டைகளைக் கலைஞர்கள் நிகழ்ச்சியிலேயே விற்றார்கள். வாங்கியவர்கள் வீட்டு ஆல்பத்தில், சித்தப்பா பெரியப்பா படங்களுக்கு நடுவே செருகி வைத்தார்கள். வரைந்த திரைச்சீலை, செதுக்கு வேலை செய்த நாற்காலி, பழுப்பு நிறம் என இன்று ஏஐ எடுத்துக்கொள்வது இந்த அட்டையின் தோற்றத்தைத்தான்.

அப்போதும் பொய்தானே?

ஆமாம், இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. பழைய அட்டைகளிலும் கதை பெரும்பாலும் கட்டுக்கதைதான். 1860-களில் ‘சர்க்காசிய அழகி’ என்று ஒரு வகை. காகசஸ் மலையிலிருந்து வந்தவள், துருக்கி அடிமைச் சந்தையிலிருந்து மீட்கப்பட்டவள் என்பார்கள். பலர் உள்ளூர்ப் பெண்கள்தான். தலைமுடியைப் பீரில் அலசி, கூடை மாதிரி பரப்பிவிட்டால் அழகி ரெடி. நியூஜெர்சியில் பிறந்த வில்லியம் ஹென்றி ஜான்சனை ஆப்பிரிக்காவில் பிடிபட்ட விநோத மனிதன் என்று காட்டினார்கள்.

ஆக, ‘ஏஐ படம் பொய்’ என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பொய்க்குப் பின்னால் நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கனடாவில் கை இல்லாமல் பிறந்த சார்லஸ் ட்ரிப், காலாலேயே எழுதி, தச்சு வேலையும் செய்தவர். தன் படங்களை விற்றுச் சம்பாதித்தார். சயாமில் பிறந்த ஒட்டிய இரட்டையர் சாங், எங் இருவரும் 1832-ல் மேனேஜரை உதறிவிட்டுத் தாங்களே சுற்றுப்பயணம் நடத்தினார்கள். வடக்கு கரோலினாவில் நிலம் வாங்கினார்கள், கல்யாணம் செய்தார்கள், இருவருக்கும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அடிமைகளையும் வைத்திருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பாவப்பட்ட ஜென்மங்கள் என்ற ஒற்றை வரிக்குள் இந்த வாழ்க்கைகள் அடங்காது.

தாடி வைத்த பெண் என்றதும் ஏஐ காட்டும் முகத்தை, ஆனி ஜோன்ஸின் நிஜப் படத்தோடு வைத்துப் பாருங்கள். 1865-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர், கைக்குழந்தையிலேயே பார்னமின் காட்சிக்கு வந்துவிட்டார். நல்ல உடை, நீளக் கூந்தல், தன் விலை தெரிந்த ஒரு பார்வை. தன்னைப் போன்றவர்களை ‘ஃப்ரீக்’ என்று அழைப்பதை எதிர்த்தவர் அவர். ஏஐ படங்களில் பெரும்பாலும் வருவதோ பேய்ப்பட இருட்டும் சோகக் கண்ணும்தான். முறைத்துப் பார்க்கும் பழக்கம் அப்படியே இருக்கிறது; பதிலுக்குப் பார்க்க ஒரு ஆள்தான் இல்லை.

மெஷின் எதிலிருந்து கற்றது?

இந்த மாடல்கள் ஒரு படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளிக் குப்பையாகக் கலைத்து, அதைத் திரும்பத் துடைத்தெடுக்கப் பழகுகின்றன. கோடிக்கணக்கான படங்களில் பழகிய பிறகு, வெறும் குப்பையிலிருந்தே புதிய படத்தைத் துடைத்தெடுக்கின்றன. 2022-ல் வெளியான லயன்-5பி தொகுப்பில் சுமார் 585 கோடி படங்களுக்கான இணைய முகவரிகளும் அவற்றின் விவரிப்புகளும் இருந்தன. ஸ்டேபிள் டிஃப்யூஷன் அதன் ஒரு பகுதியில் பயின்றது. அந்தப் படங்களில் இருந்தவர்களை யாரும் அனுமதி கேட்கவில்லை. நூறு வருஷத்துக்கு முன் செத்தவர்களைக் கேட்கவும் முடியாது.

‘நிஜ மாற்றுத்திறனாளியை வேடிக்கை பார்ப்பதைவிட இல்லாத ஆளைப் பார்ப்பது மேல்’ என்பவர்கள் இருக்கிறார்கள். வாதத்தில் பாதி உண்மை. ஓவியர் ஒருவர் சைடுஷோ உலகத்தைக் கற்பனை செய்து, ‘இது என் கற்பனை’ என்று சொன்னால் யாரும் தடுக்கப் போவதில்லை. ஏஐயாலும் அதைச் செய்யலாம். சிக்கல் எங்கே என்றால், ஏஐ என்று சொல்லாமல், ஒரு பொய்ப் பெயரும் வருஷமும் ஒட்டி விடுகிறார்களே, அதில்தான். அந்தப் படம் நாலு பேர் ஷேர் செய்ததும் கூகுள் தேடலில் ஆனி ஜோன்ஸுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஏற்கெனவே பொய்க் கதை சுமத்தப்பட்ட ஒருவருடைய நிஜத் தடயம், இன்னொரு பொய்க்கு அடியில் போகிறது. சாங், எங் வாரிசுகள் இன்றும் ஆண்டுதோறும் மவுண்ட் ஏரியில் ஒன்றுகூடுகிறார்கள். அவர்களுக்கு அது குடும்ப ஆல்பம்.

பழைய ‘லுக்’ எவ்வளவு எளிதாக ஏமாற்றும் என்பதற்கு 2023 நல்ல உதாரணம். சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் வென்ற படம், இரண்டு பெண்கள் நிற்கும் பழங்கால பாணி போட்டோ. அதை ஏஐ மூலம் உருவாக்கியதாகச் சொல்லி, ஜெர்மன் கலைஞர் போரிஸ் எல்டாக்சன் விருதையே மறுத்துவிட்டார்.

கேப்ஷனில் சின்னதாக ஒரு ஹேஷ்டேக் போடுவது போதாது; ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் அது போய்விடும். ‘ஏஐ’ என்ற சொல் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை இப்படி ஒரு படம் வந்தால், ரிவர்ஸ் இமேஜ் தேடல் போட்டு, எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நிஜ கேபினட் கார்டாக இருந்தால் அட்டையின் அடியிலோ பின்புறமோ ஸ்டூடியோவின் பெயர் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். ஐசன்மன் எடுத்த படங்களின் பெரிய தொகுப்பு சிரக்யூஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அங்கே உள்ளவர்களில் பலருக்குப் பெயரும் இருக்கிறது.