குரங்குகளின் சங்கீதம்

பிறரைக் கண்டு கற்பது வேறு. பிறரைக் கண்டு பாவனை செய்வது வேறு. இவ்வேற்றுமையைச் சொல்லின் துணையின்றி வாத்தியங்களைக் கொண்டே விளக்கிய பிரெஞ்சு இசைவாணர் ஒருவரைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

ஷார்ல் கெக்லேன் என்பார் 1867-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் பிறந்தார். எக்கோல் பொலிதெக்னிக் என்னும் கலாசாலையில் பயின்று வருங்கால் காசநோய் குறுக்கிடவே, சங்கீதத்தையே தம் வாழ்வாகக் கொண்டார். காபிரியேல் ஃபோரேயிடம் கற்றுத் தேர்ந்த இவர், 1950-ஆம் ஆண்டின் இறுதி நாளன்று மறைந்தார்.

ருட்யார்ட் கிப்ளிங் 1894, 1895 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட 'ஜங்கிள் புக்' நூல்கள் இரண்டும் பெரும்பாலும் நம் பாரத நாட்டுக் காடுகளைக் களமாகக் கொண்டவை. அவற்றில் உள்ளம் பறிகொடுத்த கெக்லேன், 1899 முதல் 1940 வரை விட்டும் தொட்டும் அவற்றிற்கு இசை வகுத்தார். மூன்று பாடல்களும் நான்கு சிம்பனிக் கவிதைகளும் பிறந்தன. சிம்பனிக் கவிதையாவது, பெரியதொரு வாத்தியக் கோஷ்டி இசையொன்றாலேயே ஒரு கதையையோ காட்சியையோ உணர்த்துவது.

அந்நான்கனுள் ஒன்று 'பந்தர்-லோக்'. கிப்ளிங்கின் கதையில் வரும் இக்குரங்குக் கூட்டத்திற்குச் சட்டமில்லை, நினைவுமில்லை, தற்பெருமை மட்டும் உண்டு. பேசுவதெல்லாம் ஒட்டுக்கேட்ட சொற்களே. கெக்லேனின் இசையில் முதற்கண் காட்டின் அமைதி விரிகின்றது. திடீரெனக் குரங்குகள் பாய்கின்றன. தெபுஸ்ஸியின் நடையையும், ஷோன்பர்க்கின் பன்னிரு ஸ்வர முறையையும், பாக் காலத்துப் பழைய நடைக்கே மீளவேண்டும் என்றோரின் போக்கையும் ஒன்றன்பின் ஒன்றாக அவை பாவனை செய்கின்றன. இறுதியில் ஆரவாரம் ஒழிய, காட்டின் அமைதி மீள்கின்றது.

இது புதுமையை வெறுத்த முதியவர் ஒருவரின் சினமே என்பாரும் உளராகலாம். நாம் அதற்கு உடன்படோம். பல சுருதிகளை ஒருங்கே ஒலிக்கச் செய்யும் புது முறையைத் தம் இசையில் துணிந்து கையாண்டவர் அவர்; பூலாங்க் முதலிய இளைஞர்க்கு ஆசானாய் விளங்கியவர். குரங்குகளுக்கென அவர் வகுத்த பகுதிகளும் சீரிய வேலைப்பாடு உடையன. ஆதலின் அவர் பழித்தது முறைகளையன்று. உள்ளத்தில் தேவை எழாதிருக்க, ஊரார் மெச்சுவர் என்று அவற்றை இரவல் வாங்கும் இயல்பையே.

இவ்விசையை முதன்முறை கேட்டபோது நாம் நகைத்தோம். பின்னர் நம் கட்டுரைகளை நினைந்தோம், நகை அடங்கிற்று. படியாத நூலைப் பற்றித் திறனாய்வாளர் கூறியதை நம் தீர்ப்பாக எழுதியதில்லையா? விளங்காத கொள்கையைத் தேர்வுத்தாளில் பிழையின்றி ஒப்பித்து மதிப்பெண் பெற்றதில்லையா?

மாணவ நண்பர்களே, இரவல் வாங்காமல் எவரும் கற்றதில்லை. கெக்லேனும் ஃபோரேயிடம் வாங்கியவரே. ஆனால் வாங்கியதைப் பல்லாண்டு உழைத்துத் தமதாக்கிக் கொண்டார். அவ்வுழைப்புக்கு அஞ்சுவோமாயின், நாம் பெறும் பட்டமும் ஒட்டுக்கேட்ட சொல்லே ஆகும்.