உதிராத முடி எங்கே போகும்?

"முடி கொட்டாத சின்ன நாயா ஒண்ணு சொல்லுங்களேன்!"

நாய் வளர்க்கிறவர்களைப் பார்த்தால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். இருபது வருஷத்துக்கு மேலாக வீட்டில் நாய் வைத்திருப்பதால், என்னிடமும் மாசத்துக்கு இரண்டு பேராவது கேட்டுவிடுகிறார்கள்.

கேட்பவர்கள் மேல் தப்பே இல்லை. இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். சாம்பாரில் ஒரு முடி மிதந்தால் போதும், மாமியார் தட்டை ஒதுக்கிவிடுவார். சின்னவனுக்கு மழைக்காலம் வந்தால் வீசிங். ஆனாலும் பிள்ளைகள் 'நாய்க்குட்டி, நாய்க்குட்டி' என்று உயிரை எடுக்கிறார்கள். "சரி, குட்டியா, புசுபுசுன்னு, முடி கொட்டாததா ஒண்ணு வாங்கிடலாம்" என்று ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவாகிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் என்னோடு பத்து நிமிஷம் பேசுங்கள். 'முடி கொட்டுமா?' என்பது அரைக் கேள்விதான். 'கொட்டாத முடி எங்கே போகும்? அதை யார் பார்த்துக்கொள்வார்கள்?' என்பது மீதிப் பாதி. அந்த மீதியைக் கேட்காமல் வாங்கிய எத்தனையோ வீடுகளில் கடைசியில் கஷ்டப்பட்டது நாய்தான்.

டிம்மிக்கு நடந்தது

எங்கள் மாடிவீட்டில் ஒரு ஷிட்ஸு குட்டி வாங்கினார்கள். பேர் டிம்மி. கம்பளிப் பந்து மாதிரி உருண்டு உருண்டு வரும். பார்க்கிற எல்லோரும் தூக்கிக் கொஞ்சாமல் போக மாட்டார்கள். அந்த வீட்டம்மாவுக்கு ஏகப் பெருமை. "பாருங்க, ஆறு மாசமாச்சு... சோபாவில ஒரு முடி கிடையாது!"

வாரம் ஒரு குளியல், துண்டால் துடைத்து ஃபேனுக்கு அடியில் விட்டுவிடுவார்கள். மேலே மேலே ஒரு ப்ரஷ். அவ்வளவுதான் பராமரிப்பு.

பத்தாவது மாசம் டிம்மி மாறிப்போனது. தூக்கப் போனால் உறுமல். காதைத் தொட்டால் திரும்பிக்கொள்ளும். ஒருநாள் சின்னப் பையன் கட்டிப் பிடித்தபோது வெடுக்கென்று கையைக் கவ்வப் பார்த்தது. "நாய்க்கு மூர்க்கம் வந்துடுச்சு, யாருக்காவது கொடுத்துடலாம்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். "ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க" என்று நான்தான் கூடப் போனேன்.

கால்நடை டாக்டர் விரலை முடிக்குள் விட்டுப் பார்த்தார். விரல் உள்ளே போகவே இல்லை. மேலே பட்டு மாதிரி இருந்த முடி, தோல் ஓரத்தில் சிக்கு விழுந்து, சடை பிடித்து, நனைந்த கம்பளி மாதிரி இறுகிக் கிடந்தது. சீவி எடுக்க வழியில்லை. ஒட்ட வெட்ட வேண்டியதாயிற்று. முடி இழை இழையாக வரவில்லை, போர்வை மாதிரி ஒரே துண்டாக உரிந்து வந்தது. காதுக்குப் பின்னால், கால் இடுக்கில் எல்லாம் தோல் சிவந்து, சில இடங்களில் புண்ணாகி, நாற்றம் வேறு.

"இது கோபம் இல்லைம்மா... வலி" என்றார் டாக்டர்.

அந்தம்மா அங்கேயே அழுதுவிட்டார். "தரையில விழலையேன்னு சந்தோஷப்பட்டேனே. எல்லாம் அது மேலேயே இருந்திருக்கே!"

விஷயம் இதுதான்

முடியே உதிராத நாய் என்று ஒன்று கிடையாது. நம் தலைமுடி மாதிரி நாயின் ஒவ்வொரு முடிக்கும் வளரும் காலம், ஓயும் காலம், உதிரும் காலம் உண்டு. லாப்ரடார், பொமரேனியன் வகைகளுக்கு வளரும் காலம் குறைவு. கொஞ்சம் வளர்ந்ததும் நின்று, உதிர்ந்து, உங்கள் சோபாவுக்கு வந்துவிடும். ஷிட்ஸு, லாசா ஆப்ஸோ, மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர், பூடில் இவற்றுக்கு வளரும் காலம் நீளம். அதனால் முடி வளர்ந்துகொண்டே போகும், உதிர்வது குறைவு. உதிர்கிற அந்தக் கொஞ்சமும் கீழே விழாமல், சுற்றியிருக்கிற நீள முடியில் மாட்டிக்கொள்ளும். நாம் சீவி எடுக்காவிட்டால் சிக்கு. சிக்கு இறுகினால் சடை. சடைக்கு அடியில் காற்றும் போகாது, ஈரமும் காயாது. அப்புறம் புண்தான்.

ஆக, சோபாவைப் பெருக்குகிற வேலை மிச்சமாகும்போது நாயைச் சீவுகிற வேலை வந்து சேரும். எது சுலபம் என்று நீங்களே சொல்லுங்கள்!

வீசிங் உள்ள வீடுகளுக்கு

'முடி கொட்டாத நாய் என்றால் அலர்ஜி வராது' என்று நினைத்து வாங்குகிறவர்களுக்கு இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அலர்ஜி தருவது முடி அல்ல. நாயின் எச்சில், தோலில் இருந்து உதிரும் பொடுகு, சிறுநீர் இவற்றில் இருக்கிற புரதங்கள்தான். எச்சிலும் பொடுகும் இல்லாத நாய் எந்த ஊரில் இருக்கிறது?

2011-ல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள், நாய் இருக்கிற வீடுகளின் தூசியை எடுத்துச் சோதித்தார்கள். 'அலர்ஜி தராது' என்று பேர் வாங்கிய நாய்கள் இருந்த வீடுகளுக்கும், மற்ற நாய்கள் இருந்த வீடுகளுக்கும் அந்தப் புரதத்தின் அளவில் வித்தியாசம் தெரியவில்லை. 2012-ல் வந்த நெதர்லாந்து ஆய்வில், இந்த நல்ல பேர் வாங்கிய நாய்களின் முடியில் அந்தப் புரதம் கூடுதலாகவே இருந்தது!

இன்னொரு கதையும் கேளுங்கள். ஹவாயில் கண்பார்வை இல்லாத ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. கணவருக்கோ நாய் என்றால் அலர்ஜி. அவர்களுக்காக 1989-ல் ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் என்பவர் லாப்ரடாரையும் பூடிலையும் கலந்து குட்டி போட வைத்தார். பிறந்தவை மூன்று. முடியையும் எச்சிலையும் அனுப்பிப் பார்த்ததில், அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டி! ஒரே அம்மா, ஒரே அப்பா... அப்படியும் மூன்றில் ஒன்றுதான். இதைப் பார்த்து ஆளாளுக்கு இஷ்டப்படி கலப்புக் குட்டிகளை உருவாக்கி விற்க ஆரம்பித்துவிட்டார்களே என்று பிற்பாடு அவரே வருத்தப்பட்டார்.

ஆகவே, ஜாதியை நம்பாதீர்கள். முதலில் பிள்ளையின் டாக்டரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், நீங்கள் வாங்க நினைக்கிற அதே நாயோடு பிள்ளையை நாலைந்து தடவை, தடவைக்கு ஒரு மணி நேரமாவது விளையாட விட்டுப் பாருங்கள். தும்மலோ, கண் அரிப்போ, இழுப்போ வந்தால் அந்த ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள். வாங்கி, பழகி, பிறகு திருப்பிக் கொடுப்பது பிள்ளைக்கும் வேதனை, நாய்க்கும் வேதனை. ஒத்துக்கொண்டாலும் படுக்கையறைக்குள் நாயை விடாதீர்கள்.

எதை வாங்கலாம்?

கடையில் 'முடியே கொட்டாது ஸார்' என்று பக் நாயை நீட்டுவார்கள். நம்பாதீர்கள். பக்குக்கு முடி குட்டை, ஆனால் தாராளமாகக் கொட்டும். பொமரேனியனும் அப்படியே.

ஷிட்ஸு, லாசா ஆப்ஸோ இரண்டும் திபெத்துக் குளிர் வழிவந்தவை. அதிலும் ஷிட்ஸு சீன அரண்மனையில் செல்லமாக வளர்ந்தது. அரண்மனையில் சீவி விட ஆள் இருந்தது. நம் வீட்டில் யார் இருக்கிறார்கள்? போதாததற்கு ஷிட்ஸுவுக்கு மூக்கு சப்பை. நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். சப்பை மூக்கு அதற்குத் தடை. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தை யோசித்துக்கொள்ளுங்கள்.

மால்டீஸும் யார்க்‌ஷயர் டெரியரும் மூன்று கிலோ சுமார்தான். சின்னக் குழந்தைகள் தூக்கிக் கீழே போட்டால் எலும்பு முறிந்துவிடும். பூடிலில் சின்ன வகை புத்திசாலி, மூக்கும் நீளம். ஆனால் சுருட்டை முடி, சீக்கிரம் சிக்கு விழும். குறையே இல்லாத நாய் கிடையாது. எந்தக் குறையை உங்களால் சமாளிக்க முடியும் என்று பார்த்து வாங்குங்கள்.

தினமும் சீவ முடியாது என்று தோன்றுகிறதா? தாராளமாகச் சொல்லுங்கள், அதில் வெட்கமே இல்லை. அப்படியானால் குட்டை முடி உள்ள நம்ம ஊர் நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கலாமே! கொஞ்சம் முடி கொட்டும்தான். ஆனால் வாரம் ஒருமுறை தேய்த்து விட்டால் போதும். வெயிலும் அதற்குப் பழக்கம். தினம் வீடு பெருக்குவது நமக்கும் பழக்கம்!

விலை கொடுத்து வாங்குவதானால் எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள். விற்கவும் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசு விதியே இருக்கிறது. தாய் நாயைப் பார்க்காமலும் வாங்காதீர்கள். 'டீ கப் சைஸ்' என்று ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாங்கிவிட்டீர்களா? இதெல்லாம் உங்கள் வேலை!

தினமும் பத்துப் பதினைந்து நிமிஷம் சீவ வேண்டும். மேலாக ப்ரஷ் போட்டால் டிம்மி கதைதான். பெண் குழந்தைக்கு வகிடு எடுப்பது மாதிரி முடியைப் பிரித்து, தோலில் இருந்து நுனி வரை சீவுங்கள். கடைசியில் ஒரு ஸ்டீல் சீப்பை ஓட்டிப் பாருங்கள். எங்காவது மாட்டினால் அங்கே சிக்கு இருக்கிறது. காதுக்குப் பின்னால், கால் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், வால் அடியில்... இந்த இடங்களை மறக்கவே கூடாது.

சிக்கு எடுத்த பிறகுதான் குளியல். சிக்கோடு குளிப்பாட்டினால் அது இன்னும் இறுகும். நாய்க்கென்று உள்ள ஷாம்பூதான், நம்முடையது வேண்டாம். குளித்ததும் தோல் வரை காய வைத்துவிடுங்கள்.

நீள முடி ஆசையை விட்டுவிடுங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை சீராகக் குட்டையாக வெட்டிவிட்டால் சீவுவதும் சுலபம், உண்ணி இருந்தாலும் கண்ணில் படும். ஆனால் ஒட்டச் சிரைக்காதீர்கள், வெயில் தோலைச் சுட்டுவிடும். வெட்டுகிற செலவையும் மாசக் கணக்கில் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

கண்ணைத் தினமும் ஈரப் பஞ்சால் துடையுங்கள். கண் சிவந்தாலோ, திறக்க மறுத்தாலோ அன்றைக்கே டாக்டர். தொங்கும் காதை வாரம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள், நாற்றம் வந்தால் தொற்று இருக்கலாம். சின்ன நாய்களுக்குப் பல் சீக்கிரம் கெடும், பல் தேய்க்கக் குட்டியிலேயே பழக்குங்கள்.

நடத்திக் கூட்டிப்போவது விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும். அதிகமாக இரைத்து, எச்சில் வழிந்து, தள்ளாடினால் உடனே நிழலில் போட்டு உடம்பில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, ஃபேன் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வெங்காயம், சாக்லேட், திராட்சை கொடுக்காதீர்கள். நமக்கு வாங்கிய வலி மாத்திரையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பம். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில், பிறகு டாக்டர் சொல்கிற கணக்குப்படி தவறாமல். வீட்டு நாயே பல் பட்டாலும் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். 'நம்ம டிம்மிதானே' என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் ஒரு ப்ரஷ்!

டிம்மி என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? யாருக்கும் கொடுக்கவில்லை. புண் ஆறி, முடி மறுபடி வளர்ந்து, பழையபடி உருண்டு வருகிறது. இப்போது சீவுவது யார் தெரியுமா? 'நாயா? வீட்டுக்குள்ளயா?' என்று முதலில் முகம் சுளித்த பாட்டி! ராத்திரி சீரியல் போட்டதும் டிம்மி தானாக வந்து அவர் காலடியில் படுத்துக்கொள்கிறது. பேத்திக்குப் பின்னல் போட்ட கை, வகிடு எடுத்து எடுத்துச் சீவுகிறது. இன்றைக்கும் அந்த வீட்டு சோபாவில் முடி கிடையாது. பாட்டி மடியில் கிடக்கும் பழைய துணியில் ஒரு கைப்பிடி இருக்கும்.

அதனால் சொல்கிறேன். நாய் வாங்குவதற்கு முன்னால் ஒரு நாய் ப்ரஷ் மட்டும் வாங்கி ஹாலில் வையுங்கள். வீட்டில் ஒருத்தர் 'இது என் பொறுப்பு' என்று சொல்லட்டும். அவர் பதினைந்து நாள், தினமும் ஒரே நேரத்தில், ஒரு பொம்மையையோ தலையணையையோ மடியில் வைத்துப் பதினைந்து நிமிஷம் உட்காரட்டும். சிரிக்காதீர்கள்! மூன்றாம் நாளே 'வேலை இருக்கு' என்று எழுந்துவிட்டால், உங்கள் வீட்டுக்கு அந்தப் புசுபுசு நாய் வேண்டாம். பதினைந்து நாளும் தவறாமல் உட்கார்ந்துவிட்டாரா? அப்படியானால் தாராளமாகப் போய்க் குட்டியைப் பாருங்கள்.

நாய் உங்களோடு பத்துப் பன்னிரண்டு வருஷம், ஏன், அதற்கு மேலும் இருக்கும். பதினைந்து நாள் பரீட்சை ஒன்றும் அதிகமில்லையே!