இறக்கத்தில் வாங்கிய வலி

வெள்ளியங்கிரி 7 மலையும் ஏறி இறங்கியவர்களை மறுநாள் பாருங்கள். வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவார்கள். "லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு சார்" என்பார் ஜிம் பயிற்சியாளர். பாவம், அந்த அமிலத்தின் தலையில் இன்னும் எத்தனை காலம் பழி போடுவார்களோ! உட்கார்ந்து ஓய்வெடுத்தால் சுமார் 1 மணி நேரத்தில் ரத்தத்தில் லாக்டேட், அதாவது அந்த அமிலம் உடலில் இருக்கும் வடிவம், பழைய அளவுக்கு வந்துவிடும். வலியோ 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சம் தொடுகிறது. அதுவும் மூச்சு வாங்க வைத்த ஏற்றத்தால் அல்ல, சுலபம் என்று நினைத்த இறக்கத்தால். ஒவ்வொரு படியிலும் கால் ஊன்றும்போது தொடையின் முன்தசை நீண்டபடியே உடல் எடைக்குப் பிரேக் போடுகிறது. அப்படி இழுபடுவதில் தசையிழைக்குள் நுண்ணிய சேதம். அதைச் சரிசெய்யும் வேலையில் வீக்கம், வலி. அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடி இறங்கும்போதுதான் கொடுத்த காசு பெறும். ஆச்சரியம் அடுத்த முறைதான்: சில வாரங்களுக்குள் அதே மலையை இறங்கினால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். தசை பருப்பதற்கு முன்பே, ஒரே அனுபவத்தில் உடல் தற்காப்பைக் கற்றுவிடுகிறது. அதற்குக் கொஞ்சம் பயிற்சியே போதும். முதல் நாளே 100 ஸ்குவாட் போட வைப்பது வீரமல்ல, விவரமின்மை. வலித்தால்தான் பலன் என்பதும் வெறும் பேச்சு. அளவு மீறிய பயிற்சிக்குப் பின் சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனால், சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் படுக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.