கார்த்திகைக்குக் காகிதத் தோரணம்

சென்ற பௌர்ணமியன்று திருவண்ணாமலை மாட வீதியில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கடை வாசலில் மாவிலைத் தோரணம் தொங்கக் கண்டேன். பச்சை என்றால் அப்படியொரு பச்சை. உண்மையான மாமரம் கண்டால் நாணித் தலை குனியும். ஓர் இலையிலாவது பூச்சி அரித்த துளையில்லை, பழுப்பில்லை, நரம்பில்லை. தொட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக்! பக்கத்தில் நின்று இரண்டு சரம் விலைபேசிக்கொண்டிருந்த அம்மாள், நான் முகஞ் சுளித்ததைக் கண்டு, "வருஷா வருஷம் வாங்க வேண்டாமே ஐயா, இது ஐந்து வருஷம் வருமே!" என்றார்.

நியாயமான வாதந்தான். ஐந்து வருஷம் என்ன, ஐம்பது வருஷமும் வரும். ஆனால் எங்கே வரும் என்பதுதான் கேள்வி. வாசலில் வெயில் பட்டு வெளுத்தபின் எவரும் அதை வைத்துப் பூஜிக்கப் போவதில்லை. குப்பைக்குப் போகும், குப்பையிலிருந்து காற்றில் பறந்து கிரிவலப் பாதையின் ஓரத்து முட்செடியில் சிக்கும், மழை வந்தால் சாக்கடையை அடைக்கும். மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர்ப் பாதையில் பௌர்ணமிக்கு மறுநாட் காலையில் நடந்து பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. 2019-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் தமிழ்நாடு அரசாங்கம் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்கள் பதினான்குக்குத் தடை விதித்தது. பைகளோடும் உறிஞ்சு குழல்களோடும் பிளாஸ்டிக் கொடிகளும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றன. சட்டம் கடைக்காரரைத் தடுக்கலாம். வீட்டு நிலைவாசலை அலங்கரிக்கும் பொறுப்பு நம்முடையது.

ஆகையால் இந்த வாரம் காகிதத் தோரணம் கட்டுவதைப் பற்றி எழுதுகிறேன். புதுக் காகிதம் வாங்க வேண்டுமென்பதில்லை. வீட்டில் ஏற்கெனவே உள்ள காகிதமே போதும்.

இதற்குத் திருவண்ணாமலையிலேயே நமக்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1896-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி அவ்வூரில் வந்திறங்கி, 1950 ஏப்ரல் 14-ல் சித்தியடையும் வரையில் ஊரைவிட்டு அகலாதிருந்த ரமண மகரிஷியைத் தியானத்தில் அமர்ந்த ஞானியாகவே பலரும் நினைக்கிறார்கள். அவர் நல்ல கைவேலைக்காரரும்கூட. கொட்டாங்கச்சியில் கிண்ணமும் அகப்பையும் செய்வார்; கைத்தடிகளைச் சீவி இலைகளால் தேய்த்து மெருகேற்றுவார்; சருகிலை தைப்பார்; புத்தகங்களுக்குத் தாமே அட்டை கட்டுவார். காகித விஷயத்தில் அவருடைய சிக்கனம் ஆசிரமத்தார் பலர் எழுதி வைத்த செய்தி. அச்சகத்திலிருந்து பிழை திருத்த வரும் தாள்களின் வெற்றுப் பக்கங்களையும், கடிதங்களில் எழுதாமல் விட்ட பகுதிகளையும் கத்தரித்துச் சேர்த்துச் சிறு நோட்டுகளாகத் தைத்துக்கொள்வாராம். தாளோடு வரும் குண்டூசியையும் வீணாக்க மாட்டார். சூரி நாகம்மாள் 1945 முதல் 1950 வரை தம் தமையனாருக்குத் தெலுங்கில் எழுதிய ஆசிரமக் கடிதங்களைப் படிப்போர் இத்தகைய சிறு சம்பவங்களுக்காகவே அதை மறுபடி எடுத்துப் பார்ப்பதுண்டு.

அதே காலத்தில் தேசத்தின் இன்னொரு கோடியிலும் காகிதத்தைப் பற்றிய கவலை இருந்தது. 1934-ம் வருஷ இறுதியில் காந்திஜி அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை வார்தாவில் தொடங்கியபோது, காரியதரிசியாக அமர்ந்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா. மகன்வாடியில் அவர் எடுத்துக்கொண்ட தொழில்களில், செக்கெண்ணெயோடும் தேனீ வளர்ப்போடும், கைக்காகிதமும் ஒன்று. கந்தலும் கழிவுத் தாளும் ஊறி, இடிபட்டு, சல்லடையில் படிந்து, மீண்டும் காகிதமாகும். திருவண்ணாமலைக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவிலுள்ள புதுச்சேரியில், ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தார் 1959-ல் தொடங்கிய கைக்காகித ஆலையின் தாள்களைத் தொட்டுப் பார்த்தவர்கள், காகிதத்துக்கும் துணியைப் போல் ஒரு மேனி உண்டென்று அறிவார்கள்.

நிற்க, வேலைக்கு வருவோம்.

முதலில் காகிதத்தைப் பொறுக்குவது. வழவழப்பான விளம்பரத் தாள், பழைய தினத்தாள், சென்ற வருஷத்து நாட்காட்டி, கல்யாணப் பத்திரிகை, பரீக்ஷை முடிந்த நோட்டுப் புத்தகம் எல்லாம் உதவும். ஜிகினா வேண்டுமென்று குழந்தைகள் அடம் பிடிப்பார்கள். இன்று ஜிகினாத் தாள் என்று விற்பதில் பெரும்பகுதி பளபளப்பான பிளாஸ்டிக் படலமே. சோதிப்பது எளிது. கையில் கசக்கி விடுங்கள். கசங்கியபடியே கிடந்தால் காகிதம், மெல்ல மெல்ல விரிந்து எழுந்தால் பிளாஸ்டிக். கிழித்துப் பார்த்தாலும் தெரியும்: காகிதத்தின் கிழிந்த ஓரத்தில் பஞ்சு போன்ற நார் நிற்கும்.

அடுத்தது பசை. புட்டியில் விற்கும் பசையைவிட நம் பாட்டிமார் காய்ச்சிய புளியங்கொட்டைப் பசை எவ்வளவோ மேல். கொட்டையை வறுத்துத் தோலைப் போக்கி, ஓரிரவு ஊறவைத்து, நைய அரைத்து, தண்ணீர் விட்டுக் கரைத்து, சிறு தீயில் கட்டி தட்டாமல் கிளறினால் கண்ணாடி போன்ற பசை இறங்கும். பொம்மை செய்வோரும் இதையே நம்பியிருந்தார்கள். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் மைதா மாவு ஒரு கரண்டிக்கு ஐந்து கரண்டி தண்ணீர் விட்டுக் காய்ச்சிக்கொள்ளலாம். பூச்சி அண்டாதிருக்கப் பழைய பைண்டர்கள் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். குழந்தைகள் கைவைக்கும் பசையில் கூடவே கூடாது. அன்றன்று காய்ச்சி அன்றன்று தீர்த்துவிடுங்கள். பூச்சிக்கு வேலையே இராது.

இப்போது மாவிலைச் சரம். ஒரு சாண் அகலமும் இரண்டு முழ நீளமுமாகத் தாள்களை ஒட்டி ஒரு பட்டை செய்துகொள்ளுங்கள். நான்கு விரற்கடைக்கு ஒரு மடிப்பாக, விசிறி மடிப்பது போல், முன்னும் பின்னுமாக மடியுங்கள். மேல் மடிப்பில் மாவிலை ஒன்றைப் பென்ஸிலால் வரையுங்கள்: மேலே அகன்று, கீழே கூர்ந்து. இலையின் தோள்கள் இரு பக்கத்து மடிப்பையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொடும் இடம் ஒரு விரற்கடையாவது இருக்கட்டும். அவ்விடத்தை மட்டும் வெட்டாமல் மற்றதைக் கத்தரியுங்கள். விரித்தால் இலைகள் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாய் நிற்கும். நான் முதன்முறை செய்தபோது மடிப்பையும் சேர்த்து வெட்டிவிட்டேன். விரித்ததும் பதினோரு மாவிலைகள் தனித்தனியே மடியில் உதிர்ந்தன. வீட்டிலுள்ளோர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் ஒலிக்கிறது. ஆகவே மடிப்பில் கத்தரி படக்கூடாதென்பதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வேலை தொடங்குவது உத்தமம்.

சரத்தின் நடுவே தொங்கவிட ஒரு தாமரை வேண்டும். சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, அதை இருமுறை மேலும் பாதியாக மடித்தால் எட்டு அடுக்கு வரும். எல்லா மடிப்புகளும் வந்து சேரும் கூரிய முனையே பூவின் மையம். அதை விட்டு, எதிர்ப்புற ஓரத்தை, நடுவில் உயர்ந்து இரு பக்கமும் தாழும் வளைவாக வெட்டுங்கள். பிரித்தால் எட்டிதழ்த் தாமரை. பக்க மடிப்புகளில் சிறு பிறைகளும் திலகங்களும் வெட்டினால் பூவுக்குள் கோலம் விளையும். மதுராவில் கிருஷ்ணன் கோயில்களுக்காகக் காகிதத்தில் நுணுக்கமாக வெட்டி, அதன் வழியே வண்ணப்பொடி தூவிச் சித்திரம் இடும் ஸாஞ்சி என்னும் கலை இதே கத்தரியின் பிள்ளைதான். சீனத்துக் காகித வெட்டுக் கலையை 2009-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் வரிசையில் சேர்த்தது. தாமரையில் கைபழகிவிட்டால் இவையெல்லாம் எட்டாத வித்தையல்ல.

குழந்தைகளுக்கு மிகவும் பிடிப்பது வலைக் கூடு. வட்டமாக வெட்டிய மெல்லிய தாளை மூன்று முறை பாதியாக மடித்து, இடப்பக்கமிருந்து ஒரு கீறல், வலப்பக்கமிருந்து ஒரு கீறல் என்று மாறி மாறிக் கத்தரிக்க வேண்டும். எந்தக் கீறலும் மறுபக்கத்தை எட்டக்கூடாது. மெதுவாகப் பிரித்து, மையத்தைப் பிடித்துத் தூக்கினால் தட்டையாயிருந்த தாள் மீன்வலையைப் போல் நீண்டு இறங்கும். அவ்வேளையில் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். ஐந்து வருஷம் வரும் தோரணத்தில் இது கிடையாது.

விளக்குக் கூட்டுக்கும் கஷ்டமில்லை. நீண்ட சதுரத் தாளை நீளவாட்டில் பாதியாக மடித்து, மடிப்பிலிருந்து ஓரத்தை நோக்கி விரற்கடைக்கு ஒரு கீறல் இடுங்கள். ஓரத்தில் ஒரு விரற்கடை மிஞ்சட்டும். பிரித்து உருளையாகச் சுருட்டி ஒட்டி, மேலும் கீழும் லேசாக அமுக்கினால் வயிறு பருத்த கூடு உண்டாகும். உள்ளே காவி நிறத் தாளைச் சுருட்டி வைத்தால் கீறல்களின் வழியே சுடர் போலத் தெரியும். இலங்கையில் வைகாசிப் பௌர்ணமிக்கு மூங்கிற் சட்டமும் வண்ணத்தாளும் கொண்டு கட்டும் வெசாக் கூடுகளைக் கண்டவர்கள், இதை அதன் சின்னத் தங்கை என்பார்கள்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. கார்த்திகை நெருப்பின் திருநாள். மாலை 6 மணிக்கு, 2,668 அடி உயரமுள்ள மலையுச்சியில் மகாதீபம் தெரிந்த மறுகணம் ஊரில் வீடுதோறும் அகல்கள் ஏறுகின்றன: வாசற்படியில், திண்ணையில், மாடத்தில், கைப்பிடிச் சுவரில். எண்ணெய்த் திரியும் காகிதமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாகாது. அகல் வரிசைக்கு நேர் மேலே சரம் கட்டாதீர்கள். காற்றில் ஆடிச் சுடரைத் தொடும் நீளத்தில் எதுவும் தொங்கவேண்டாம். காகிதக் கூட்டுக்குள் அகல் வைக்கும் எண்ணமே வேண்டாம், சிறு மின்விளக்கு போதும். படிகாரம் கரைத்த நீரில் தாளை நனைத்து உலர்த்தினால் எளிதில் பற்றாது. பற்றவே பற்றாது என்று பொருளல்ல. அந்த நம்பிக்கையில் யாரும் அசட்டையாயிருந்துவிடக் கூடாது.

இன்னொரு விரோதி மழை. கார்த்திகை வடகிழக்குப் பருவமழையின் மாதம். ஆகையால் காகிதம் கூடத்துக்கும் உள் நடைக்குமே உரியது. வெளி வாசலுக்கு அசல் மாவிலையும் தென்னங்குருத்துமே அழகு. அவை நனைந்தால் இன்னும் பொலிவு பெறும்.

கொலுப்படி வைத்துப் பழகிய வீடுகளில் ஒரு காகித மலையும் செய்யலாம். கவிழ்த்த பானையின்மேல் கசக்கிய தினத்தாள்களை அடுக்கி, பசையில் தோய்த்த துண்டுத் தாள்களை நாலைந்து படலம் மூடி, இரண்டு நாள் காயவிட்டுப் பானையை எடுத்துவிடுங்கள். செம்மண் குழம்பும் அடுப்புக்கரியும் பூசினால் அண்ணாமலையின் நிறம் வந்துவிடும். உச்சியில் காவித்தாளில் ஒரு சுடர். புதுச்சேரிப் பக்கத்துத் திருக்கனூரில் காகிதக்கூழ்ப் பொம்மை செய்வோரின் தொழில் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. நம்முடையது அதற்கு அருகில் நிற்காது, பாதகமில்லை.

கைபழகிய குழந்தைகள் ஜனவரி 26-க்கும் ஆகஸ்டு 15-க்கும் தோரணம் கேட்பார்கள். அப்போது ஒரு விஷயம் ஞாபகமிருக்கட்டும். 1947 ஜூலை 22-ல் அரசியல் நிர்ணய சபை ஏற்ற நமது மூவர்ணக் கொடியைத் தோரணமாகவோ பூச்செண்டாகவோ வேறு அலங்காரமாகவோ உபயோகிக்கக் கூடாதென்று கொடி விதிகள் சொல்கின்றன. காவி, வெள்ளை, பச்சைத் தாள்களைத் தனித்தனி இலையாக வெட்டிச் சரம் கோக்கலாம். சக்கரம் பொறித்த கொடியையே வெட்டிக் கோப்பது தகாது. தேசியத் திருநாட்களில் கையில் ஏந்திக் காகிதக் கொடி அசைக்கலாம். விழா முடிந்தபின் அதைத் தெருவில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, தனிமையில் மரியாதையோடு அகற்றவேண்டுமென்பதும் விதி. பள்ளி வாசலில் மறுநாள் சிதறிக் கிடப்பவற்றைப் பார்க்கும்போது, இந்த விதியைப் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கே முதலில் படித்துக் காட்டவேண்டுமென்று தோன்றுகிறது.

தீபம் மலைமேல் பதினோரு நாள் எரியும். அதுவரை தோரணமும் இருக்கலாம். அவிழ்த்தபின் நல்ல சரங்களை மடித்துக் கனமான புத்தகத்தின் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். கிழிந்ததைப் பழந்தாள் வாங்குகிறவரிடம் கொடுங்கள். பசை படிந்த துண்டுகளைச் செடியடி மண்ணில் புதைத்துவிடலாம்.

தென்னங்குருத்தில் கிளி பின்னுவது எப்படியென்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் குருத்தோலை ஒன்று தேடி வைத்துக்கொள்ளுங்கள். முற்றிய ஓலை உதவாது.