வாயை அடைக்க முந்நூறு ரூபாய்!

மண்டபம் பக்கத்தில் கடல்பாசி எடுக்கும் ஒரு பெண்மணி. பெயர் வேண்டாம். மூச்சை அடக்கிக் கடலுக்குள் மூழ்கி, பாறையில் கையைக் கிழித்துக்கொண்டு பாசி பறித்து வந்து பிள்ளையைப் படிக்க வைக்கிறவர். சிறுகச் சிறுகச் சேர்த்த காசில், மகனுடைய செல்போன் மூலம் ஆன்லைனில் ஒரு பிரஷர் குக்கர் வாங்கினார். விலை 1,150 ரூபாய். கடைத்தெருவில் கேட்ட விலையைவிட நானூறு ரூபாய் மலிவு.

மூன்றாம் நாளே குக்கர் தன் யோக்கியதையைக் காட்டிவிட்டது. விசில் வழியாகப் போக வேண்டிய ஆவி, மூடியின் விளிம்பு வழியாகச் சீறியது. மகன் அந்தச் சாமானுக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டு, “மூடி சரியில்லை, ஆவி பக்கவாட்டில் அடிக்கிறது, வாங்காதீர்கள்” என்று எழுதினான்.

மறுநாள் போன் வந்தது. பார்சலின் மேல் ஒட்டியிருந்த சீட்டில்தான் நம்பர் இருக்கிறதே! தேனொழுகும் குரல். “அம்மா, உங்கள் பணத்தை முழுவதும் திருப்பித் தருகிறோம். மேற்கொண்டு 300 ரூபாயும் போட்டுவிடுகிறோம். குக்கரை அனுப்பக்கூட வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு உபகாரம் செய்ய வேண்டும். அந்த ஒரு ஸ்டாரை ஐந்து ஸ்டாராக மாற்றிவிடுங்கள்.”

நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025–26ஆம் ஆண்டுக்குச் சர்க்கார் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். வெயிலில் நின்று மண் வெட்டினால் கிடைக்கிற ஒரு நாள் கூலி, நாலு எழுத்தை அழித்தால் கிடைக்கிறது! மகன் மாற்றிவிட்டான். பணமும் வந்து சேர்ந்தது.

பதினைந்து நாள் சென்றது. அடுத்த தெருவில், அறுப்புக்கும் களையெடுப்புக்கும் போகும் ஒரு கூலிக்காரப் பெண் அதே குக்கரை வாங்கினார். ஸ்டாரைப் பார்த்துத்தான் வாங்கினார். ரப்பர் வளையம் பிதுங்கி, கொதிகஞ்சி முழங்கை வரை கொட்டியது. பத்து நாள் வேலைக்குப் போக முடியவில்லை. பத்து நாள் கூலியும் போயிற்று.

“நான் மாத்தாம விட்டிருந்தா அவ வாங்கியிருக்க மாட்டா தம்பி” என்று பாசி எடுக்கும் அந்த அக்கா நம்மிடம் சொன்னார்.

தோழர்களே! குற்றவாளி யார்? ஒரு நாள் கூலிக்கு வழி தெரியாமல் தவிக்கும் வீட்டில் 300 ரூபாயை வாங்கிக்கொண்டவரா? இல்லவே இல்லை! அந்தப் பணத்தை நீட்டியவன் குற்றவாளி. நீட்டுவதற்கு இடம் கொடுத்து, விற்ற ஒவ்வொரு குக்கருக்கும் கமிஷன் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்ட ஆன்லைன் சந்தைக் கம்பெனி அவனுக்குக் கூட்டாளி!

நம் பரமக்குடிச் சந்தையை எடுத்துக்கொள்வோம். மூட்டையின் மேலே நல்ல முண்டு மிளகாயைப் பரப்பி, அடியில் ஈர மிளகாயைத் திணித்து ஒருவன் விற்றுவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் வாங்கியவர் வந்து நிற்பார். நாலு பேர் கேட்கச் சத்தம் போடுவார். பக்கத்துக் கடைக்காரர் கேட்பார், டீக்கடையில் கேட்பார்கள், பஸ் ஏறிப் போகிறவர் முதுகுளத்தூரில் இறங்கியதும் சொல்வார். அந்த வியாபாரி எத்தனை பேருக்குப் பணம் கொடுத்து எத்தனை வாயை அடைப்பான்? சந்தையில் ஏழைக்குத் தராசு சொந்தமில்லை, படிக்கல் சொந்தமில்லை. வாய் ஒன்றுதான் சொந்தம்.

ஆன்லைன் சந்தையில் அந்த வாயையும் பிடுங்கிக் கம்பெனி தன் கணக்குப் புத்தகத்தில் பூட்டி வைத்திருக்கிறது. நாம் எழுதுவதெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. சாயல்குடியில் இருப்பவரும் சென்னையில் இருப்பவரும் ஒரே சாமானை வாங்கி ஒரே விதமாக ஏமாந்தாலும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அந்த ஸ்டார் மூலமாகத்தான் ஒருவருக்கொருவர் எச்சரிக்கை சொல்லிக்கொள்ள முடியும். அதையும் 300 ரூபாய்க்கு வாங்கிவிட்டால்?

“வாங்கியவரும் விற்றவரும் சம்மதித்துச் செய்துகொண்ட பேரம், மூன்றாவது மனிதருக்கு இதில் என்ன வேலை?” என்று இந்த வியாபாரத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள். மூன்றாவது மனிதரின் வெந்துபோன கையைப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்! மில்லில் ஒரு மிஷின் ஒரு தொழிலாளியின் விரலை வெட்டிவிடுகிறது. அவருக்கு ரகசியமாக ஆயிரம் ரூபாயைக் கொடுத்து, “மிஷின் நன்றாகத்தான் இருந்தது” என்று எழுதி வாங்கிக்கொள்கிறது நிர்வாகம். அடுத்த ஷிப்டில் அதே மிஷினில் நிற்கப் போகிறவருக்கு அந்தப் பேரத்தில் சம்பந்தம் இல்லையா? சாட்சியைக் கலைப்பது என்று இதற்குப் பெயர். கோர்ட்டில் செய்தால் குற்றம், சந்தையில் செய்தால் சாமர்த்தியமா?

அது மட்டுமல்ல. திருப்பித் தருகிறேன் என்கிறானே அந்த 1,150 ரூபாய், அது யார் வீட்டுப் பணம்? 2020 ஜூலையில் மத்திய சர்க்கார் வெளியிட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளைப் படித்துப் பாருங்கள். பழுதான சாமானைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக்கூடாது என்று அதிலே இருக்கிறது. அதாவது, சட்டப்படி உனக்குச் சேர வேண்டிய பணத்தையே உனக்குத் தருவதாகச் சொல்லி, அதற்கு விலையாக உன் வாக்குமூலத்தைக் கேட்கிறான்! கூலி பாக்கியைக் கொடுப்பதற்குக் கைநாட்டு வாங்கிய பண்ணையார் காலத்துப் புத்தி செல்போனுக்குள் குடியேறியிருக்கிறது.

இது ஏதோ நம் மாவட்டத்தில் மட்டும் நடக்கும் சில்லறைப் பித்தலாட்டம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஒரு பெண்மணி பத்து டாலருக்கு எண்ணெய் தெளிக்கும் புட்டி வாங்கி, அது உதவாது என்று எழுதினார். சாமானின் விலையைப் போல இரண்டு மடங்கு தருகிறோம், எழுதியதை நீக்குங்கள் என்று விற்றவர்கள் கெஞ்சித் துரத்திய கதையை 2021இல் அந்நாட்டு முதலாளிகளின் பத்திரிகையான வால் ஸ்ட்ரீட் ஜர்னலே அம்பலப்படுத்தியது. பத்து டாலர் புட்டிக்கு இருபது டாலர்! இந்த நஷ்டத்தை ஏன் ஏற்கிறான்? ஒரு ஸ்டார் குறைந்தால் பட்டியலில் கீழே போவான், ஆயிரம் புட்டிகள் விற்காமல் தேங்கும். ஒருவர் வாயை இருபது டாலருக்கு அடைத்தால் ஆயிரம் பேர் தலையில் கட்டலாம். அந்த இருபதையும் அவன் சொந்தப் பையிலிருந்து போடுவதில்லை. அடுத்த ஆயிரம் பேர் கொடுக்கும் விலையில் அதுவும் அடங்கியிருக்கிறது.

அதே ஆண்டில், ராவ்பவர் என்ற சார்ஜர் கம்பெனி பெட்டிக்குள்ளேயே சீட்டு வைத்து, அபிப்பிராயம் எழுதினால் 35 டாலர் பரிசு அட்டை என்று ஆசை காட்டியது வெளிவந்தது. அமேசான் அதைத் தன் சந்தையிலிருந்து வெளியேற்றியது. பிறகு 2021 செப்டம்பரில், இப்படி அபிப்பிராயங்களில் தில்லுமுல்லு செய்தது உள்ளிட்ட குற்றங்களுக்காகச் சுமார் 600 சீனப் பிராண்டுகளின் 3,000 கணக்குகளை மூடிவிட்டதாக அமேசான் அதிகாரிகளே சொன்னார்கள். நல்லது. மூட முடியும் என்று அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்! எங்கள் கையில் என்ன இருக்கிறது, நாங்கள் வெறும் இடம் கொடுப்பவர்கள்தானே என்று இனிமேல் எந்த ஆன்லைன் கம்பெனியாவது கைவிரித்தால் யார் நம்புவது? ஒரு ஸ்டார் நேற்று ஒன்றாக இருந்து இன்று ஐந்தாக மாறினால் அது யாருடைய புத்தகத்தில் பதிவாகிறது? கம்பெனியின் புத்தகத்தில்!

இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் டெலிவரித் தொழிலாளிக்கும் ஸ்டார் உண்டு. மழையில் பைக் நின்று பத்து நிமிஷம் தாமதமானால் அவருடைய ஸ்டார் விழும். ஊக்கத்தொகை போகும், சில நேரம் ஐடியே முடங்கிவிடும். அவர் 300 ரூபாய் கொடுத்து ஸ்டாரைத் திரும்ப வாங்க முடியுமா? உழைப்பவன் மேல் விழும் ஸ்டார் கல்லில் எழுத்து. முதல் போட்டவன் மேல் விழும் ஸ்டார் தண்ணீரில் எழுத்து!

குக்கர் விஷயத்துக்கே வருவோம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை விற்கக்கூடாது என்ற கட்டாய உத்தரவு 2021 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. அதை மீறிய குக்கர்கள் ஆன்லைன் சந்தைகளில் பகிரங்கமாக விற்கப்பட்டன. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது: அமேசான் மூலம் விற்ற 2,265 குக்கர்கள், ஃபிளிப்கார்ட் மூலம் விற்ற 598 குக்கர்கள், வாங்கியவர்கள் அனைவருக்கும் தகவல் சொல்லித் திரும்பப் பெற வேண்டும், பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆளுக்கு ஒரு லட்சம் அபராதம். கம்பெனிகள் தில்லி ஹைகோர்ட்டுக்கு ஓடின. அந்த 2,265 குக்கர்களை விற்றுக் கொடுத்ததற்கு அமேசான் வாங்கிய கட்டணம் எவ்வளவு தெரியுமா? 6 லட்சத்து 14 ஆயிரம் ரூபாய்க்கு மேல் என்று ஆணையத்தின் உத்தரவே சொல்கிறது. வரவு ஆறு லட்சம், அபராதம் ஒரு லட்சம்! டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறிய ஏழைக்குக்கூட டிக்கெட் விலையைவிட அபராதம் அதிகம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது, பல் இல்லாமல் இருக்கிறது. விற்பவர் தன்னை வாங்கியவர் போல வேஷம் போட்டு அபிப்பிராயம் எழுதக்கூடாது என்று 2020 விதி சொல்கிறது. சரி, வேஷம் போடாமல், நிஜமாக வாங்கியவரையே விலைக்கு வாங்கினால்? அதற்கு நேரடியாக ஒரு வார்த்தை அந்த விதியில் கிடையாது. 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரவிதியை இந்தியத் தர நிர்ணய அமைப்பு கொண்டுவந்தது. காசு கொடுத்து வாங்கிய அபிப்பிராயங்களைப் போடக்கூடாது என்பது அதன் நோக்கம். ஆனால் விருப்பமுள்ள கம்பெனிகள் கடைப்பிடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்! திருடன் விரும்பினால் திருடாமல் இருக்கலாம் என்பது போல. ஒன்றரை ஆண்டு போன பிறகு, 2024 மே மாதத்தில், கம்பெனிகளைக் கூட்டி வைத்து, கட்டாயமாக்கலாமா என்று பேசினார்கள்.

டாலர் தேசத்தில்கூட, நல்லதாக எழுதினால்தான் பணம் என்று பேரம் பேசுவதைத் தடை செய்யும் விதி 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது. தெரிந்தே செய்த ஒவ்வொரு மீறலுக்கும் 51,744 டாலர் வரை அபராதம் என்று அப்போது அறிவித்தார்கள். பிரிட்டனில் 2025 ஏப்ரலிலிருந்து பொய் அபிப்பிராயங்களுக்குத் தடை. மீறும் கம்பெனியின் உலக வருமானத்தில் 10 சதவீதம் வரை பிடுங்கலாம். அந்தச் சர்க்கார்கள் தொழிலாளியின் சர்க்கார்கள் அல்ல. ஆனாலும் அங்கே வாங்குகிறவர்கள் சத்தம் போட்டார்கள், நடந்தது.

நேர்மையான சிறு வியாபாரியையும் மறந்துவிடக் கூடாது. போட்டிக்காரன் ஆள் வைத்து மோசமாக எழுதச் சொல்கிறான், நாங்கள் என்ன செய்வது என்று அவர் கேட்பது நியாயம்தான். பகிரங்கமாகப் பதில் எழுதட்டும், கம்பெனி விசாரிக்கட்டும். சர்க்கரை கலக்காமல் பனங்கருப்பட்டி காய்ச்சி விற்கும் நம் பனைத் தொழிலாளிப் பெண்களும் இன்று ஆன்லைனுக்கு வரப் பார்க்கிறார்கள். சர்க்கரை கலந்தவன் ஸ்டாருக்கு 300 ரூபாய் இறைக்கிறான். அடுப்புப் புகையில் நிற்கும் இவர்கள் எங்கே போவார்கள் 300 ரூபாய்க்கு?

நாம் கேட்பது இதுதான். காசுக்கு மாற்றிய ஒவ்வொரு ஸ்டாரையும் பொய் விளம்பரமாகக் கணக்கிடு. பொய் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் 10 லட்சம் வரை அபராதம் இருக்கிறதே, அதைப் போடு! விற்றவனிடம் மட்டும் போடாதே, கமிஷன் வாங்கிய கம்பெனியிடமும் போடு. அழித்த அபிப்பிராயம், மாற்றிய அபிப்பிராயம் எத்தனை என்பதைச் சாமானின் பக்கத்திலேயே போடச் சொல். பார்சல் மேல் வாங்கியவரின் போன் நம்பரை அச்சடிக்காதே.

அதுவரை சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். இப்படிப் போன் வந்தால், நம்பரையும் தேதியையும் குறித்து வையுங்கள். பெட்டிக்குள் சீட்டு இருந்தால் கிழித்துப் போடாதீர்கள், போட்டோ எடுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் 1915 என்ற நம்பருக்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சாமானின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க ஆட்கள் இருக்க வேண்டும். மில் கேட்டில் ஒரு நோட்டு வையுங்கள். எந்தச் சாமான், என்ன பழுது, என்ன பேரம் என்று அதில் எழுதட்டும். அந்த நோட்டை யாரும் 300 ரூபாய்க்கு வாங்க முடியாது.

மண்டபம் பக்கத்து அந்த மகன் ஐந்து ஸ்டாரை மறுபடியும் ஒன்றாக்கிவிட்டான். நடந்ததையெல்லாம் எழுதி, பக்கத்துத் தெருப் பெண்ணின் சம்மதத்தோடு அவர் கையின் போட்டோவையும் சேர்த்திருக்கிறான். அன்று சாயங்காலமே போன் வந்தது. இந்த முறை 500 ரூபாய் என்றார்களாம். பையன் பேச்சு முழுவதையும் ரிக்கார்டு செய்து வைத்திருக்கிறான்.