பழுதை மூடிவைத்துப் பறக்க முடியாது

2025 ஜனவரி 5 அன்று குஜராத்தின் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியது. இரண்டு விமானிகளும் ஒரு மீட்பு நீச்சல் வீரரும் உயிரிழந்தார்கள். அடுத்த சில நாட்களில் முப்படைகளும் கடலோரக் காவல்படையும் வைத்திருந்த 330-க்கும் மேற்பட்ட துருவ்கள் பறப்பதை நிறுத்தின. அந்த ஆண்டின் குடியரசு தின அணிவகுப்பிலும் அவை பறக்கவில்லை. விமானியின் கட்டளையைச் சுழலும் இறக்கைகளுக்குக் கொண்டுசேர்க்கும் ‘ஸ்வாஷ்பிளேட்’ என்ற பாகம் முறிந்ததுதான் விபத்துக்குக் காரணம் என்று முதற்கட்ட ஆய்வில் தெரியவந்தது.

தென் தமிழகத்தின் நரிக்குடி வட்டாரத்துக்குப் போர்பந்தர் தொலைவுதான். ஆனால், கிழக்கே பரமக்குடியையும் ராமநாதபுரத்தையும் தாண்டினால் உச்சிப்புளி வந்துவிடும். கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானதளம் அங்கேதான் இருக்கிறது. பாக் நீரிணையிலோ மன்னார் வளைகுடாவிலோ படகு கவிழ்ந்தால், கரையில் நிற்கும் குடும்பங்கள் முதலில் வானத்தைத்தான் பார்க்கின்றன. 2023 டிசம்பர் பெருமழையில் தாமிரபரணிக் கரை ஊர்கள் துண்டிக்கப்பட்டபோது, ஸ்ரீவைகுண்டம் பகுதிக்கு உணவுப் பொட்டலங்கள் ஹெலிகாப்டரில்தான் போய்ச் சேர்ந்தன. ஹெலிகாப்டர் பராமரிப்பு என்பது டெல்லியும் பெங்களூருவும் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று தென் மாவட்டங்கள் ஒதுங்கி நிற்க முடியாது.

எண்ணெயில் ஓடும் கட்டளை

புரட்டாசி விதைப்புக்கு உழவு ஓட்டும் எந்த டிராக்டர்காரருக்கும் ஹைட்ராலிக் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. கலப்பையைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடித்துத் திரும்பும்போது கலப்பை தானாக இறங்கித் தரையைத் தொட்டிருந்தால், உள்ளே எங்கோ சீல் போயிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஹெலிகாப்டரிலும் வேலை செய்வது அதே தத்துவம்தான். பம்ப் எண்ணெயை அழுத்துகிறது, அந்த அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது. உலகெங்கும் ஆயிரக்கணக்கில் பறக்கும் ஏஎஸ்350 ரக ஹெலிகாப்டரில் இந்த அழுத்தம் சுமார் 40 பார். உழவு டிராக்டரில் அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆபத்தின் அளவை அழுத்தத்தை வைத்து எடைபோட முடியாது. டிராக்டரில் சீல் போனால் அன்றைய உழவு நிற்கும். வானத்தில் விமானியின் கைக்கும் இறக்கைக்கும் இடையிலான தொடர்பே அந்த எண்ணெயில்தான் இருக்கிறது.

ஏஎஸ்350-ல் மேல் சுழலிக்கு மூன்று, வால் சுழலிக்கு ஒன்று என நான்கு ஹைட்ராலிக் சர்வோக்கள் உண்டு. விமானி கோலை அசைத்ததும் சர்வோக்கள் அந்த அசைவைப் பலமடங்கு வலுவாக்கி ஸ்வாஷ்பிளேட்டைச் சாய்க்கின்றன. அது சாயும் பக்கம் ஹெலிகாப்டர் நகர்கிறது. பம்ப் நின்றாலும் சேமிப்புக் கலத்தில் மிஞ்சியிருக்கும் அழுத்தம், வேகத்தைக் குறைத்துக்கொள்ளச் சிறிது அவகாசம் தரும். ஆனால், சர்வோவுக்குப் போகும் கம்பி கழன்றுவிட்டாலோ ஸ்வாஷ்பிளேட் முறிந்துவிட்டாலோ அந்த அவகாசமும் கிடையாது.

இதனால்தான் பழுது ஒன்று தெரியவந்ததும் விமானப் போக்குவரத்து அமைப்புகள் கட்டாய ஆய்வு உத்தரவு பிறப்பிக்கின்றன. எந்தப் பாகத்தை, எத்தனை மணி நேரப் பறப்புக்குள், எப்படிப் பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று அதில் விவரமாக இருக்கும். ஆபத்து அதிகமென்றால், அடுத்த முறை பறப்பதற்கு முன்பே பார்த்தாக வேண்டும். உத்தரவை நிறைவேற்றாத ஹெலிகாப்டர் சட்டப்படி பறக்கத் தகுதியற்றது.

காகிதத்தில் முடியும் ஆய்வு

உத்தரவு வந்துவிட்டால் பாதுகாப்பும் வந்துவிடுமா? 2011 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவின் லாஸ் வேகஸ் அருகே சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற ஏஎஸ்350 ஹெலிகாப்டர் மலைச்சரிவில் மோதி, விமானியும் நான்கு பயணிகளும் இறந்தார்கள். அது பராமரிப்பு இல்லாமல் கிடந்த ஹெலிகாப்டர் இல்லை. முந்தைய நாள்தான் ஹைட்ராலிக் சர்வோ ஒன்றைப் புதிதாக மாட்டியிருந்தார்கள். மெக்கானிக் மாட்டினார், ஆய்வாளர் பார்த்தார், கையெழுத்தும் விழுந்தது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தேடிக் கண்டுபிடித்த காரணம் மிகச் சிறியது. சர்வோவின் கம்பியைப் பிடித்திருக்க வேண்டிய லாக் நட் தேய்ந்துபோன பழையது. விரலால் திருகினாலே ஏறிவிடுகிற லாக் நட்டைத் தூக்கிப் போட வேண்டும் என்பது தொழிலின் பாலபாடம். நட் கழன்றாலும் காப்பாற்ற வேண்டிய பிளவு பின் சரியாக மாட்டப்படவில்லை, அல்லது மாட்டப்படவே இல்லை. மெக்கானிக்கும் ஆய்வாளரும் களைப்பில் இருந்தார்கள் என்பதையும், வேலை அட்டையில் ஒவ்வொரு படியும் தனித்தனியாகப் பிரித்து எழுதப்படவில்லை என்பதையும் வாரியம் துணைக் காரணங்களாகச் சேர்த்தது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் என்ற விதி அங்கே இருந்தது, அவர் பார்க்கவும் செய்தார். தூக்கம் கெட்ட இரண்டு கண்களுக்குத் தூக்கம் கெட்ட இன்னும் இரண்டு கண்கள் காவல். ‘நட் புதியதா, பின் மாட்டியாயிற்றா, முறுக்கு அளவு சரியா’ என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கையெழுத்து இருந்திருந்தால், களைப்பையும் மீறி அந்த இடத்தில் கை நின்றிருக்கும். மொத்த வேலைக்கும் ஒரே கையெழுத்து என்றால் ஆய்வு காகிதத்தோடு முடிந்துவிடும்.

சில நேரம் சோதனையே பழுதை உண்டாக்கும். 2015 ஜூலையில் அமெரிக்காவின் ஃப்ரிஸ்கோ நகரில் மருத்துவ ஹெலிகாப்டர் ஒன்று கிளம்பிய சில நொடிகளில் விழுந்து விமானி இறந்தார், இரண்டு செவிலியர்கள் படுகாயமடைந்தார்கள். பறப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஹைட்ராலிக் சோதனையே வால் சுழலிச் சுற்றின் அழுத்தத்தை வடித்துவிட்டது. அழுத்தம் திரும்பவில்லை என்பதை விமானிக்கு உறைக்கும்படி சொல்லும் எச்சரிக்கை அந்த ஹெலிகாப்டரில் இல்லை. சோதனை முறையையும் எச்சரிக்கை அமைப்பையும்தான் விசாரணை முதன்மைக் காரணங்களாகச் சொன்னது. விமானி கவனக்குறைவாக இருந்தார் என்று எழுதிக் கோப்பை மூடியிருந்தால், அதே குறையோடு மற்ற ஹெலிகாப்டர்கள் பறந்துகொண்டே இருந்திருக்கும்.

இந்த இரண்டு விபத்துகளின் நட்டும் பின்னும் வால் சுழலியும் ஒரு தமிழ்க் கட்டுரைக்கு எட்டியது எப்படி? விசாரணை அறிக்கைகள் முழுமையாக வெளியிடப்பட்டதால்தான். 2018-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரக் கால்பந்து மைதானத்துக்கு வெளியே ஏடபிள்யூ169 ஹெலிகாப்டர் விழுந்து ஐந்து பேர் இறந்தபோதும் அப்படித்தான். வால் சுழலிக் கட்டுப்பாட்டுத் தண்டின் பேரிங் இறுகியது தெரிந்ததும், சில வாரங்களில் அதே வகை ஹெலிகாப்டர்களுக்கு ஐரோப்பிய அமைப்பு கட்டாய ஆய்வு உத்தரவிட்டது. 2023-ல் இறுதி அறிக்கை வந்தது. உலகின் எந்த மூலையிலுள்ள மெக்கானிக்கும் அதைப் படிக்கலாம்.

நம் வீட்டில் நடப்பது

துருவ் நம் நாட்டின் சாதனை, அதில் சந்தேகமில்லை. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் வடிவமைத்த இந்த ஹெலிகாப்டர் 1992-ல் முதன்முதலில் பறந்தது. சியாச்சின் குளிரிலும் கடல் உப்புக்காற்றிலும் அது உழைக்கிறது. குறைகளும் நீண்டகாலமாகத் தெரிந்தவைதான். ஈகுவடார் வாங்கிய ஏழு துருவ்களில் நான்கு விழுந்தன. 2015-ல் அந்நாடு ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. 2023 மார்ச் 8 அன்று மும்பைக்கு அருகே கடற்படையின் துருவ் கடலில் இறங்கியது. அதே மாதம் 26 அன்று கொச்சியில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்தது. மே மாதம் கிஷ்த்வாரில் தரைப்படையின் துருவ் விழுந்து ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகு, கட்டுப்பாட்டு அமைப்பில் இருந்த அலுமினியக் கம்பிகளுக்குப் பதிலாக எஃகுக் கம்பிகளைப் பொருத்தத் தொடங்கினார்கள். 2024 செப்டம்பர் 2 இரவு, காயம்பட்ட கப்பல் ஊழியர் ஒருவரை மீட்கப் போன துருவ் போர்பந்தர் கடலில் விழுந்து மூவர் இறந்தார்கள். நான்கு மாதங்கள் கழித்து ஸ்வாஷ்பிளேட் முறிந்தது.

ஒவ்வொரு முறையும் நடந்தது ஒரே வரிசையில்தான்: விபத்து, பறக்கத் தடை, ஆய்வு, தடை நீக்கம். 2025 மே மாதத் தொடக்கத்தில் தரைப்படை, விமானப்படை துருவ்களுக்கு மீண்டும் பறக்க அனுமதி கிடைத்தது. கடற்படையும் கடலோரக் காவல்படையும் காத்திருக்க வேண்டியிருந்தது. உலோகம் ஏன் களைத்தது, எந்தப் பாகம் எத்தனை மணி நேரத்தில் மாற்றப்பட வேண்டும் என்ற விவரம் கசிந்த செய்திகளாகத்தான் வெளியே வந்தது. சிவில் விமான விபத்துகளின் அறிக்கைகளை விமான விபத்து விசாரணைப் பிரிவு இணையத்தில் போடுகிறது. ராணுவ விசாரணைகளுக்கு அப்படி ஒரு வழக்கமே இல்லை.

குன்னூர் விபத்தை மறக்க முடியுமா? 2021 டிசம்பர் 8 அன்று காட்டேரி அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்டோர் பயணித்த எம்ஐ-17 விழுந்தது. இயந்திரக் கோளாறு இல்லை, திடீர் மேகத்தில் நுழைந்ததால் விமானிகள் திசை தடுமாறினார்கள் என்று 2022 ஜனவரியில் சுருக்கமான அறிவிப்பு வந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையின் அட்டவணை ஒன்றில் அந்த விபத்துக்கு எதிரே ‘மனிதத் தவறு’ என்று இருந்ததை நாடு அறிந்தது 2024 டிசம்பரில். எரிந்துகொண்டிருந்த ஹெலிகாப்டரிலிருந்து ஆட்களைக் காப்பாற்ற ஓடிய நஞ்சப்பசத்திரம் மக்களுக்குக் கிடைத்த பதிலும் அந்த அட்டவணை வரிதான்.

‘ராணுவ ரகசியம்’ என்பார்கள். ஆயுதம், ரேடார், பறக்கும் திட்டம் ரகசியம்தான். தேய்ந்த பேரிங்கில் என்ன ரகசியம் இருக்க முடியும்? 2023 நவம்பரில் ஜப்பானின் யாகுஷிமா தீவருகே ஹெலிகாப்டர்போல மேலெழும் அமெரிக்க விமானப்படையின் ஆஸ்ப்ரே விமானம் விழுந்து எட்டு பேர் இறந்தார்கள். அமெரிக்கா தன் ஆஸ்ப்ரேக்களை மூன்று மாதம் பறக்கவிடவில்லை. 2024 ஆகஸ்டில், கியர் பெட்டியில் எந்தப் பற்சக்கரம் உடைந்தது, எச்சரிக்கைகள் எத்தனை முறை வந்தும் விமானிகள் எப்படி முடிவெடுத்தார்கள் என்பதுவரை அறிக்கையாக வெளியிட்டது. அதனால் அமெரிக்க விமானப்படையின் பலம் குறைந்துவிடவில்லை.

சிவில் பக்கமும் நிம்மதியாக இல்லை. 2009 செப்டம்பர் 2 அன்று ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டியின் பெல் 430 நல்லமலைக் காட்டில் விழுந்ததற்கு மோசமான வானிலை பெரும் காரணம். ஆனால், கியர் பெட்டியின் எண்ணெய் அழுத்த எச்சரிக்கைக்குக் கையேட்டில் வழி தேடியே விமானிகள் ஆறு நிமிடத்துக்கு மேல் செலவிட்டதையும் விசாரணைக் குழு பதிவுசெய்தது. 2025 மே, ஜூன் மாதங்களில் உத்தராகண்டின் புனிதத் தலப் பாதையில் அடுத்தடுத்து ஹெலிகாப்டர்கள் விழுந்தன. ஒன்று கோளாறு காரணமாகச் சாலையிலேயே இறங்கியது. இவற்றையெல்லாம் கண்காணிக்க வேண்டிய சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி காலி என்று அதே ஆண்டு நாடாளுமன்றக் குழு ஒன்று சுட்டிக்காட்டியது. ஆள் இல்லாத அலுவலகம் போடும் உத்தரவை யார் போய்ச் சரிபார்ப்பது?

செய்ய வேண்டியவை

விமானியின் கட்டுப்பாட்டு அமைப்பையும் ஹைட்ராலிக்கையும் தொடும் ஒவ்வொரு வேலைக்கும் படிப்படியான வேலை அட்டையும் படிக்கு ஒரு கையெழுத்தும் வேண்டும். மெக்கானிக்கின் வேலை நேரத்துக்கும் ஓய்வுக்கும் விமானிக்கு இருப்பதுபோலவே வரம்பு வேண்டும். இயக்ககத்தின் காலியிடங்களை நிரப்ப வேண்டும். தேர்தல் பிரசாரத்துக்கு ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுக்கும் கட்சிகள், கட்டணத்தைக் கேட்பதற்கு முன் நிலுவையில் கட்டாய ஆய்வு எதுவும் உண்டா என்று கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ராணுவ ஹெலிகாப்டர் விபத்துகளின் தொழில்நுட்பப் பகுதியை, ரகசியத்தை நீக்கிவிட்டு, ஓராண்டுக்குள் நாடாளுமன்றத்தில் வைக்கும் வழக்கம் வர வேண்டும். காரணம் தெரிந்தால்தான் மெக்கானிக்கின் கண் சரியான இடத்தில் நிற்கும். காரணம் தெரியாத உத்தரவு இன்னொரு கட்டத்தில் போடும் டிக் குறியாகிவிடும்.

இதைக் கேட்கும் உரிமை நரிக்குடிக்கு நேரடியாகவே இருக்கிறது. நரிக்குடி அடங்கிய திருச்சுழி சட்டமன்றத் தொகுதி ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. உச்சிப்புளி விமானதளமும் அதே தொகுதியில்தான். மானாவாரி விவசாயியும் கடலுக்குப் போகும் மீனவரும் ஒரே உறுப்பினரைத்தான் டெல்லிக்கு அனுப்புகிறார்கள். போர்பந்தரில் முறிந்த பாகம் ஏன் முறிந்தது, எத்தனை துருவ்களில் அது மாற்றப்பட்டது, மாற்றிய பிறகு யார் சரிபார்த்தார்கள் என்ற மூன்று கேள்விகளை அவர் மக்களவையில் எழுப்ப வேண்டும். வரும் பதில் எழுத்தில் வர வேண்டும்.